சொன்னவர் சொல்லும் எழுதியவர் கையும்

முதியோர் வாய்மொழி வரலாறாகாது என்று வாதிடும் அறிஞர் கூட்டம் ஒன்று நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. கல்வெட்டு எங்கே, செப்பேடு எங்கே, ஓலைச்சுவடி எங்கே என்று கேட்பார்கள். இல்லையென்று சொன்னால், அப்படியானால் அது பாட்டி கதை என்று ஒதுக்கிவிடுவார்கள். நாம் கேட்கிறோம்: கல்லில் வெட்டுவித்தவன் யார்? அரசனும் செல்வனும் அல்லரோ? ஆட்களை விற்ற செய்தி நம் கல்வெட்டுகளிலும் உண்டு. விற்கப்பட்டவர் மனம் திறந்து பேசிய வரியை மட்டும் அங்கே காணோம். அவருக்கு இருந்தது வாய் ஒன்றே. அதனையும் சான்றாக ஏற்கமாட்டோம் என்பது, வழக்கில் ஒரு கட்சியாரிடம் மட்டும் வாக்குமூலம் வாங்கித் தீர்ப்பு எழுதுவதற்கு ஒப்பாகும்.

இந்தப் பூசல் தீர விசாரிக்கப்பட்ட நாடு ஒன்று உண்டு. அது அமெரிக்கா. அங்கே அடிமைகளாயிருந்தோரும், அவர்களுள் போர்வீரராய்ப் பணியாற்றியோரும் தம் வாயால் சொல்லிய நினைவுகள் ஆயிரக்கணக்கில் ஏட்டில் ஏறியுள்ளன. அவற்றைப் பற்றி அங்கே நடந்த வாதங்களை நம் அன்பர்கள் அறிந்துகொண்டால் நம் வீட்டுக் கணக்கும் தெளியும் என்பதால் இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் வேலையிழந்த எழுத்தாளர், ஆசிரியர், பத்திரிகையாளர், குமாஸ்தாக்கள் ஆகியோருக்குப் பிழைப்பளிக்க 1935இல் அமெரிக்க அரசு கூட்டாட்சி எழுத்தாளர் திட்டம் என ஒன்றைத் தொடங்கிற்று. அத்திட்டத்தின் ஊழியர்கள் 1936 முதல் 1938 வரை பதினேழு மாநிலங்களில் முன்னாள் அடிமைகளைத் தேடிச் சென்று 2,300க்கும் மேற்பட்டோரின் நினைவுகளைக் கேட்டெழுதினார்கள். 1865இல் விடுதலை வந்தபோது சிறுவர் சிறுமியராயிருந்தவர்கள் அப்போது எண்பதைக் கடந்திருந்தனர். தட்டச்சு செய்யப்பட்ட அந்த ஏடுகளும் ஐந்நூறு புகைப்படங்களும் 1941இல் தொகுக்கப்பட்டு அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்தில் சேர்ந்தன. பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் செய்யாத பணியை நிவாரணச் சம்பளம் வாங்கிய சிறு ஊழியர்கள் செய்தார்கள் என்பதில் எழுத்தர் குலத்தைச் சேர்ந்த நமக்குச் சிறிது செருக்கு உண்டு. அதை மறைப்பானேன்?

ஆயின் அவர்கள் குறைகளும் சிறியவை அல்ல. கேட்டெழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். அதுவும் அந்தந்த ஊர் வெள்ளையர். சிலருடைய பாட்டன்மாரே அடிமைகளை வைத்திருந்தவர்கள். இத்தகையவர் ஒரு கறுப்பின மூதாட்டியின் குடிசைத் திண்ணையில் வந்தமர்ந்து, உன் பழைய எசமான் நல்லவரா என்று கேட்டால் என்ன விடை வரும்?

என்ன விடை வரும் என்பதற்குச் சான்றே கிடைத்திருக்கிறது. தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் சூசன் ஹாம்லின் என்னும் மூதாட்டி நூறு வயதைத் தாண்டியவராகச் சொல்லப்பட்டார். அவரை 1937இல் ஜெஸ்ஸி பட்லர் என்னும் வெள்ளைப் பெண்மணி சந்தித்தார். எசமான் நல்ல மனிதர் என்ற பேச்சு அங்கே ஓங்கி ஒலிக்கிறது. வந்தவர் உதவிநிதி அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறார் என்று மூதாட்டி எண்ணிக்கொண்டதாகப் பட்லரே குறித்திருக்கிறார். பிறகு அகஸ்டஸ் லாட்சன் என்னும் கறுப்பின இளைஞர் அவரிடம் சென்றார். மூதாட்டி அவர்தாம்; சொன்ன கதை வேறு. இரவும் பகலும் அலறல் கேட்கும், தாய் வேறு பிள்ளை வேறாக எச்சரிக்கையின்றி விற்றுவிடுவார்கள் என்கிறார். ஓர் இரவு ஒரு சோடிக்குத் திருமணம் நடந்தது. மறுநாள் காலை மணப்பெண்ணை விற்றுவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவள் தெருவில் இறங்கி எசமானியை வாய்க்கு வந்தபடி ஏசினாள் என்றும் சொல்கிறார்.

இந்த இரண்டு ஏடுகளையும் வைத்துக்கொண்டு இரு கட்சியார் எழுந்தனர். எசமான்கள் அன்புடையவர்களாகவே இருந்தார்கள், முன்னாள் அடிமைகளே சொல்லிவிட்டார்கள் பாருங்கள் என்றனர் ஒரு சாரார். இவர்கள் முதல் ஏட்டோடு நிறுத்திக்கொண்டவர்கள். மற்றொரு சாரார், ஒரே வாய் இரண்டு விதமாகப் பேசுமானால் அதனை நம்புவது எங்ஙனம், எல்லாவற்றையும் தள்ளிவிடுக என்றனர். முன்னவர் கயமை வெளிப்படை. அதனோடு வாதிட வேண்டுவதில்லை. பின்னவர் நேர்மையுடையவர் போலத் தோன்றுகிறார்கள். நம் சினமெல்லாம் அவர்கள்மேல்தான்.

அந்த மூதாட்டி பொய் சொன்னார் என்று யார் சொன்னது? உதவிநிதி அலுவலகத்தார் என எண்ணிய ஒருவர் எதிரில், கஞ்சிக்கு வழியில்லாத ஆண்டில், நூறு வயதுக் கிழவி எப்படிப் பேசுவார்? அரசு அலுவலகச் சாளரத்தின் இப்புறம் அமர்ந்து, எதிர்ப்புறம் கைகூப்பி நிற்கும் முதியோரை நாள்தோறும் காணும் நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. விண்ணப்பத்தில் எழுதுவது ஒன்று. வெளியே மரத்தடியில் தம் ஊர்க்காரனிடம் சொல்வது ஒன்று. இரண்டையும் சேர்த்துப் படிப்பவனுக்கே உண்மை அகப்படும். முதல் ஏடு பொய்யான ஏடு அன்று. விடுதலை கிடைத்து எழுபது ஆண்டு ஆன பின்னும் சார்ல்ஸ்டனில் அச்சம் எவ்வளவு மிஞ்சியிருந்தது என்பதற்கு அதுவே சாசனம்.

மேலும் ஒன்று. அந்த முதியோரில் பலர், வந்தவர் ஓய்வூதியம் கொண்டுவந்திருப்பாரோ என்று எதிர்பார்த்தனர். இது மூடத்தனம் அன்று. அடிமையாய் உழைத்த காலத்துக்கு ஓய்வூதியம் வேண்டும் என்று காலி ஹவுஸ் என்னும் சலவைத் தொழிலாளிப் பெண்மணி பெரிய இயக்கமே நடத்தினார். அவர்மேல் தபால் மோசடி வழக்குத் தொடுத்து 1917இல் சிறைக்கு அனுப்பியது அரசு. கேட்ட ஓய்வூதியம் வரவேயில்லை. இருபது ஆண்டு கழித்துக் கதை கேட்க ஆள் வந்தது!

போர்வீரராயிருந்தோர் செய்தி இதனினும் நுட்பமானது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வடவர் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு வந்தவர்கள். போருக்குப் பின் ஓய்வூதியம் கேட்டபோது பிறந்த நாளுக்குச் சான்று கேட்டார்கள். இன்ன எசமானின் மகனும் நானும் ஓராண்டில் பிறந்தோம் என்றுதான் பலரால் சொல்ல முடிந்தது. திருமணத்துக்குச் சான்று கேட்டார்கள். அடிமையின் திருமணத்தைப் பதிந்தவர் யார்? படையில் சேர்ந்தபோது இருந்த பெயர் வேறு, பின்னர்ச் சூடிக்கொண்ட பெயர் வேறு. ஆகவே விசாரணை அலுவலர்கள் ஊர் ஊராகச் சென்று வீரரையும் விதவையையும் பழைய தோழர்களையும் அழைத்து வாக்குமூலம் பதிந்தார்கள். பலரைத் தப்புவித்த புகழ்மிக்க ஹேரியட் டப்மனும் இந்த வாசலில் நின்றவரே. அவர் கணவர் படையில் வேறு பெயரில் இருந்தார் என்பதால் அதனையும் விளக்க வேண்டியதாயிற்று. 1895இல் விதவை ஓய்வூதியமாக மாதம் 8 டாலர் கிடைத்தது. போரில் அவர் தாமே ஒற்றராகவும் செவிலியாகவும் உழைத்ததை முன்னிட்டு நாடாளுமன்றம் தலையிட்டு 1899இல் அதை 20 டாலர் ஆக்கிற்று. அந்தக் கோப்புகள் இன்று வரலாற்றாசிரியருக்குப் பொற்குவியல். அவற்றைத் தைத்து எண்ணிட்டு அடுக்கிவைத்த குமாஸ்தா தாம் செய்வது வரலாற்றுத் தொண்டு என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

1938 சூலையில் கெட்டிஸ்பர்க் போரின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழா எடுத்து, இரு தரப்புப் பழைய வீரரில் 1,800 பேருக்கு மேல் திரட்டினார்கள். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டே வந்தார், படச்சுருள்கள் ஓடின. அதே ஆண்டில்தான் அப்போர் யாரை விடுவித்ததோ அவர்கள் எஞ்சிய சிலராய்க் குடிசைகளில் அமர்ந்து பென்சிலால் எழுதுபவருக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தனர்.

இனி, எழுதியவர் கை செய்த வேலையைப் பார்ப்போம். டெக்சஸ் மாநிலத்தில் பல ஏடுகளைச் சுருக்கியும் திருத்தியும் தலைநகருக்கு அனுப்பியிருந்தார்கள். 1970களில் மூலப்படிகளைத் தேடியெடுத்து ஜார்ஜ் ராவிக் பதிப்பித்தபோதுதான் வெட்டுண்ட பகுதிகள் வெளிவந்தன. கசையடியும் கொடுமையும் பேசிய இடங்கள் அவற்றுள் பல. மறுபுறம், முதியோர் பேச்சைக் கொச்சையாகக் காட்டும் ஆர்வத்தில் எழுத்துகளை வேண்டுமென்றே சிதைத்து எழுதியவரும் உண்டு. மெருகிடுவது ஒருவகைக் கொலை. நையாண்டிக்கென்று கோணலாக்குவது மற்றொரு வகை.

இவ்விரண்டுக்கும் தப்பிய ஒரு நூலைச் சொல்ல வேண்டும். அடிமை இறக்குமதி 1808இலேயே சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதனை மீறி 1860இல் குளோட்டில்டா என்னும் கப்பலில் அலபாமாவுக்குக் கடத்திவரப்பட்டவர்களுள் ஒருவர் கொசோலா. அவரைக் கறுப்பின எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் 1927, 1928ஆம் ஆண்டுகளில் பலமுறை சந்தித்து, அவர் பேசியபடியே எழுதினார். பழம் கொண்டுபோய்க் கொடுத்தும், அவர் பேச விரும்பாத நாளில் பேசாமல் உடனிருந்தும் கேட்டெழுதிய நூல் அது. பதிப்பாளர், பேச்சு நடையை மாற்றி நல்ல ஆங்கிலத்தில் தந்தால் அச்சிடுவோம் என்றார். ஹர்ஸ்டன் இணங்கவில்லை. நூல் 2018இல்தான் வெளிவந்தது. எழுதியவர் இறந்து ஐம்பத்தெட்டு ஆண்டும், சொன்னவர் இறந்து எண்பத்து மூன்று ஆண்டும் ஆகியிருந்தன. மறு ஆண்டே அக்கப்பலின் சிதைவும் மொபீல் ஆற்றுச் சேற்றில் அடையாளம் காணப்பட்டது. கிழவர் கதைக்குச் சான்று எங்கே என்று கேட்டோர் அதைச் சென்று பார்க்கலாம்.

நம்மவரிடம் வருவோம். தமிழர் மேலும் இத்தகைய கணக்கு ஒன்று நிற்கிறது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை இட்டனர். நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அதில் வதைபட்டு, 12,000க்கும் அதிகமானோர் மாண்டனர். மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் இறந்ததோ அதனினும் பன்மடங்கு. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக உள்ளன. அவர்கள் திரும்பிச் சென்று நூல்கள் எழுதினர், திரைப்படம் எடுத்தனர். தமிழர்க்கு முழுமையான பெயர்ப்பட்டியல் கூட இல்லை. தப்பி வந்தவர் பலர் படிப்பறியாதவர். கேட்டெழுத ஒரு கை இருந்திருந்தால் போதும். சிங்கப்பூரில் 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு அமைத்து, ஜப்பானியர் ஆட்சிக்கால நினைவுகளை முறையாகப் பதிவு செய்தனர். பெருந்தமிழ்நாட்டின் புலவர் பெருமக்கள் அப்போது எதை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள் என்று நாம் கேட்டால் வருத்தப்படுவார்கள், வருத்தப்படட்டும்.

அந்தத் தலைமுறை அநேகமாக முடிந்துவிட்டது. ஆனால் 1971 டிசம்பர்ப் போரில் கிழக்கு எல்லையிலும் மேற்கு எல்லையிலும் நின்ற தமிழ் வீரர்கள், பணி ஓய்வுக்குப் பின் ஊர் திரும்பாமல் வடநாட்டு நகரங்களிலேயே பிள்ளைகளோடு தங்கிவிட்டவர்கள், நம் சங்கக் குடும்பங்களிலேயே இருக்கின்றனர். பொங்கல் விழாவில் முன்வரிசையில் அமர்த்திப் பொன்னாடை போர்த்துகிறோம். ஒலிவாங்கியை மட்டும் அவர் கையில் தருவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர் மலர்க்குழு, முன்னாள் அவில்தார் ஒருவர் சொல்லி அவர் பேத்தி எழுதிய பதினெட்டுப் பக்க நினைவுகளை, இலக்கியத் தரம் போதாது என்று திருப்பி அனுப்பியதை நாம் அறிவோம். பாலத்தருகே இருந்த மூன்று நாளில் தாம் தின்றது என்ன, காலுறை நனைந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் அவர் சொல்லியிருந்தார். அந்த மலரில் கம்பனைப் பற்றி நான்கு கட்டுரைகள் இருந்தன. கம்பன் ஓராண்டு காத்திருக்கமாட்டானா?

இந்த மலரின் நடையிலேயே நாம் எழுதுகிறோம். செந்தமிழ்மேல் நமக்குப் பகை இல்லை. ஆயினும் அவில்தார் ஐயா "பங்கர்" என்று சொன்னால் அதைப் பதுங்குகுழி என்று நாம் திருத்தக் கூடாது. அவர் இந்தியும் தமிழும் கலந்து சொன்னால் கலந்தே அச்சேற வேண்டும். கேட்டவர் யார், எந்த நாள், எந்த வீட்டில், உடன் யார் அமர்ந்திருந்தார், என்ன கேள்வி கேட்கப்பட்டது என்பன தலைப்பிலேயே இருக்க வேண்டும். சார்ல்ஸ்டன் ஏடுகளில் இவை இருந்தமையால்தான் பட்லரையும் லாட்சனையும் எதிரெதிரே வைத்துப் படிக்க முடிந்தது. முடிந்தால் மகன் ஒருமுறையும் அயலார் ஒருமுறையும் கேட்கட்டும். மகனிடம் சொல்லாததை அயலாரிடம் சொல்லுவார்.

குரலையும் விட்டுவிடலாகாது. ஃபவுண்டன் ஹியூஸ் என்னும் முன்னாள் அடிமையை 1949இல் பால்டிமோர் நகரில் ஒலிப்பதிவு செய்தனர். தம் பாட்டனார் தாமஸ் ஜெஃபர்சனுக்கு உடைமையாயிருந்தவர் என்கிறார். மீண்டும் அடிமையாக நேருமென்று தோன்றினால் துப்பாக்கியை எடுத்துத் தம்மை முடித்துக்கொள்வதாக அவர் சொல்லும் குரலை இன்றும் கேட்கலாம். அன்று பெரிய கருவியைச் சுமந்து சென்றார்கள். இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசி இருக்கிறது. இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது என்று அலுத்துக்கொள்கிறோம். தாத்தா பேசினால் அவர்களுக்குப் புரிகிறது. பதிவு செய்யும் பொறுப்பை அவர்களிடமே விடலாம்.

ஆகவே மலர்க்குழுவினரிடம் நாம் வேண்டுவது இது. அடுத்த ஆண்டு மலரில் பத்துப் பக்கம் இப்பதிவுகளுக்கென ஒதுக்குக. இடமில்லை என்று சொல்லற்க. வாழ்த்துச் செய்திகளில் ஐந்தையும் நகைக்கடை விளம்பரங்களில் ஐந்தையும் குறைத்தால் பத்து ஆகிறது.