அறை ஒருவருடையது, ஆணை வேறொருவருடையது!

தோழரே!

மாநாட்டுக்காக வெளியூர் செல்கிறீர்கள். முன்னாளில் என்றால், புகைவண்டி நிலையத்தை விட்டு வெளியே வந்து, எதிரே தெரியும் லாட்ஜின் படியேறி, "ஐயா, அறை இருக்கிறதா?" என்று கேட்டிருப்பீர்கள். மேசைக்குப் பின்னால் இருப்பவர் பேரேட்டைப் புரட்டுவார்; ஒரு தொகை சொல்லுவார். நீங்கள் குறைத்துக் கேட்பீர்கள். அவர் முகம் சுளிப்பார்; பிறகு சிரிப்பார்; "சரி, நூறு குறைத்துக் கொடுங்கள்" என்பார். பேரம் முடிந்தது. கொடுப்பவரும் பெறுபவரும் முகத்துக்கு முகம் பார்த்து முடித்த பேரம் அது.

இன்று அப்படியல்ல. வண்டியில் ஏறுமுன்பே கைப்பேசியை எடுக்கிறோம். ஊர்ப் பெயரைத் தட்டுகிறோம். வரிசை வரிசையாக விடுதிகள் தோன்றுகின்றன. படம் இருக்கிறது, விலை இருக்கிறது, தங்கிச் சென்றவர்களின் கருத்தும் இருக்கிறது. விரலால் ஒரு தொடுதல், அறை நமது! வசதிதான், மறுப்பாரில்லை. ஆனால் அந்த வசதிக்கு விலை கொடுப்பவர் யார்? நமக்கும் விடுதிக்காரருக்கும் இடையிலே, கண்ணுக்குத் தெரியாமல் நிற்பவர் யார்? இந்த ஞாயிறு அதனைப் பேசுவோம்.

தளத்தை நடத்துபவருக்கு ஓர் அறையும் சொந்தமில்லை. கட்டிலும் இல்லை, தலையணையும் இல்லை. விடுதிக்காரர் தம் அறைகளையும் வாடகையையும் அவரிடம் பதிவு செய்கிறார். விருந்தினர் வந்தால் வாடகையில் ஒரு பங்கு தளத்துக்குக் கமிஷன். பணம் செல்லும் வழி இரண்டு. ஒன்றில் விருந்தினர் விடுதியிலேயே பணம் கட்டுவார். விடுதிக்காரர் பின்னர் கமிஷனைத் தளத்துக்கு அனுப்புவார். மற்றொன்றில் தளமே முழுப் பணத்தையும் முன்னதாக வாங்கிக்கொண்டு, தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை விடுதிக்கு அனுப்பும். இரண்டாவது வழியில், தன் அறைக்கான பணத்துக்கே விடுதிக்காரர் காத்திருக்க வேண்டும்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம், தோழரே. அறை வாடகை 2000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கமிஷன் 20 விழுக்காடு என்றால் 400 ரூபாய். அந்தக் கமிஷன் மீது சரக்கு சேவை வரி 18 விழுக்காடு, 72 ரூபாய். ஆக 472 ரூபாய் வாசலிலேயே கழிகிறது. விடுதிக்காரர் கையில் எஞ்சுவது 1528. இதிலேதான் மின்சாரம், தண்ணீர், சலவை, அறை கூட்டுபவர் சம்பளம், இரவுக் காவலர் சம்பளம், கட்டடக் கடன் எல்லாம்!

"ஏன் கொடுக்கிறார்? வேண்டாமென்று விலகலாமே!" என்று கேட்பீர்கள். விலகலாம். விலகினால் திரையில் இருக்கமாட்டார். திரையில் இல்லாத விடுதி, ஊருக்குப் புதிதாக வரும் பலருக்கு இல்லாத விடுதியே! சரி, திரையில் இருந்தாலாவது போதுமா? போதாது. எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்பதல்லவா கேள்வி! முதற் பக்கத்தில் வருபவர் பிழைப்பார். ஐந்தாம் பக்கத்தில் கிடப்பவரை யார் தேடிப் போகிறார்? முன்னிடம் வேண்டுமானால் கமிஷனைக் கூட்டிக் கொடுக்கும் திட்டங்கள் உண்டு. திருவிழாத் தள்ளுபடி என்று திரையிலே மின்னுவதில் ஒரு பகுதி விடுதிக்காரரின் பையிலிருந்தே போகும் வழக்கமும் உண்டு. பந்தியில் முன்னே உட்கார இலைக்குத் தனி விலை வைத்தாற்போன்ற ஏற்பாடு இது!

விருந்தினராகிய நமக்காவது நேர்மை கிடைக்கிறதா? ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள். பல தளங்களின் விலைகளை ஒப்பிட்டுக் காட்டுவதே டிரிவாகோவின் தொழில். மலிவான அறையைத் தேடித் தருவதாக விளம்பரம் செய்தது. ஆனால் தனக்கு அதிகக் கட்டணம் தரும் தளங்களின் விலைக்கு அது முன்னிடம் கொடுத்தது என்பதைக் கூட்டாட்சி நீதிமன்றம் 2020இல் கண்டது. 2022இல் 4 கோடியே 47 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. பிரிட்டனிலோ, "இன்னும் ஓர் அறைதான் மீதம்!" என்று அவசரப்படுத்துவது போன்ற நடைமுறைகள் ஆராயப்பட்டன. முடிவில் புக்கிங் டாட் காம், எக்ஸ்பீடியா உள்ளிட்ட ஆறு தளங்கள் தம் போக்கை மாற்றிக்கொள்வதாக 2019இல் போட்டிச் சந்தை ஆணையத்திடம் உறுதி அளித்தன. கமிஷன் வரிசையை எவ்வாறு பாதிக்கிறது என்பதைத் தெரிவிப்பதும் அந்த உறுதியில் ஒன்று.

ஆனால் தோழரே, கமிஷன் அல்ல கொடுமையின் உச்சம். தரகர் தரகு வாங்குவது பழைய வழக்கம். உச்சம் வேறொன்று: விலைச் சமநிலை விதி!

அஃதென்ன? 'எங்கள் தளத்தில் காட்டும் வாடகையைவிடக் குறைவாக நீ வேறெங்கும் அறை கொடுக்கக் கூடாது. வேறு தளத்திலும் கூடாது, உன் சொந்த மேசையிலும் கூடாது!' இதுவே அவ்விதியின் சாரம். மேலே போட்ட கணக்குக்குத் திரும்புங்கள். நீங்கள் நேரே தொலைபேசியில் அழைக்கிறீர்கள். விடுதிக்காரர் 1800 ரூபாய்க்கு அறை தருகிறார். உங்களுக்கு 200 ரூபாய் மிச்சம். அவருக்கோ 1528க்குப் பதில் 1800, அதாவது 272 ரூபாய் கூடுதல். இரண்டையும் கூட்டுங்கள்: 472! தரகுக்கும் அதன் மீதான வரிக்குமாகக் கழியவேண்டிய அதே 472, இருவரும் பகிர்ந்துகொண்ட ஊதியமாகிறது. இதைத்தான் அந்த விதி தடுக்கிறது. வியாபாரம் பிடித்துக் கொடுத்ததற்குக் கூலி கேட்பது ஒன்று. தான் பிடித்துக் கொடுக்காத வியாபாரத்திலும் விலையை நிர்ணயிப்பது வேறொன்று. முன்னது தரகு, பின்னது ஆட்சி!

நம் நாட்டில் இது நடந்ததா? நடந்தது. 2000இல் தொடங்கிய மேக் மை டிரிப், 2017இல் கோஐபிபோவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. இந்திய ஓட்டல், உணவகச் சங்கங்களின் கூட்டமைப்பு போட்டி ஆணையத்தில் முறையிட்டது. 2019இல் விசாரணைக்கு ஆணை பிறந்தது. 2022 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. மேக் மை டிரிப், கோஐபிபோ இணைக்கு 223.48 கோடி ரூபாய், ஓயோவுக்கு 168.88 கோடி ரூபாய் தண்டம்! விடுதிகள்மீது விலைச் சமநிலை திணிக்கப்பட்டதும், ஓயோவுடன் செய்த ஏற்பாட்டால் ஃபேப் ஓட்டல்ஸ், டிரீபோ போன்ற போட்டியாளர்களுக்குத் தளத்தில் இடம் மறுக்கப்பட்டதும் குற்றங்கள் என்று ஆணையம் கண்டது; அத்தகைய விதிகளை ஒப்பந்தங்களிலிருந்து நீக்கவும் ஆணையிட்டது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. முறையீட்டிலிருந்து தீர்ப்பு வரை மூன்றாண்டுக்கு மேல்! மாதக் கடைசியில் சம்பளம் போட வேண்டிய சிறு விடுதிக்காரருக்கு மூன்றாண்டு என்பது எவ்வளவு நீளம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தளத்தார் சொல்லும் நியாயத்தையும் கேட்போம். கேளாமல் தீர்ப்பளிப்பது நம் மரபன்று. "நாங்கள் செலவு செய்து விடுதியைக் காட்டுகிறோம். எங்கள் திரையில் பார்த்துவிட்டு, நேரே விடுதியில் குறைந்த விலைக்குப் பேசிக்கொண்டால், எங்கள் உழைப்பை இலவசமாகச் சுரண்டுவது ஆகாதா?" என்கிறார்கள். ஜெர்மனியில் இவ்வாதம் எடுபடவும் செய்தது. அந்நாட்டுக் கார்டெல் ஆணையம் 2015இல் புக்கிங் டாட் காமின் விதியைத் தடை செய்தது. 2019இல் டுசல்டார்ஃப் மேல்நீதிமன்றம் தளத்தார் பக்கம் சாய்ந்து அத்தடையை நீக்கியது. 2021இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் தடையை நிலைநாட்டியது. காரணம் என்ன? விதியைக் கைவிட்டிருந்த அந்த இடைக்காலத்தில் தளம் நொடித்துப் போகவில்லை. ஜெர்மனியில் அதன் பலம் கூடவே செய்தது! ஆக, விதி இல்லாமலே வாழ முடியும் என்பதற்குத் தளத்தின் சொந்த வளர்ச்சியே சாட்சியாயிற்று.

பிரான்சு 2015இல் சட்டத்தாலேயே அவ்விதியை ஒழித்தது. ஆஸ்திரியா, இத்தாலி, பெல்ஜியம் பின்தொடர்ந்தன. ஸ்பெயின் 2024இல் புக்கிங் டாட் காமுக்கு 41 கோடியே 30 இலட்சம் யூரோவுக்கு மேல் தண்டம் விதித்தது; நிறுவனம் அதனை எதிர்த்தது. அதே ஆண்டு மே மாதம் ஐரோப்பிய ஆணையம் அந்நிறுவனத்துக்கு ஒரு பட்டம் சூட்டியது: 'வாயிற்காவலர்'! பட்டம் பெருமைக்கு அன்று, பொறுப்புக்கு. வாயிலில் நிற்பவர் வீட்டுக்காரரைச் சிறை வைக்கக் கூடாது என்பதே அச்சட்டத்தின் கருத்து.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடக்கூடும்: "விடுதி முதலாளிக்காக நாம் ஏன் வாதாட வேண்டும்? தரகன் தின்றால் என்ன, முதலாளி தின்றால் என்ன?" நல்ல கேள்வி, தவிர்க்கமாட்டோம். 472 ரூபாய் வாசலில் கழியும்போது, முதலாளி முதலில் எங்கே கை வைப்பார்? மின் கட்டணத்தைக் குறைக்க முடியாது. வங்கித் தவணையைத் தள்ள முடியாது. இரண்டு பேர் செய்த வேலையை ஒருவரிடம் கொடுக்க முடியும்! அறை கூட்டும் அம்மையார் பத்து அறைக்குப் பதில் பதினைந்து அறை கூட்டுவார். மேலிருந்து அழுத்தும் பாரம் கடைசியில் இறங்குவது அவர் முதுகில்தான். ஆகவே நாம் பேசுவது முதலாளிக்காக மட்டுமன்று. மிஞ்சும் தொகையில் தொழிலாளிக்குப் பங்கு கேட்கவும் நாம்தான் நிற்போம். ஆனால் பங்கு கேட்க, முதலில் தொகை மிஞ்ச வேண்டுமல்லவா?

இயந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை. விளம்பரத்துக்கு வழியில்லாத சந்து விடுதிக்கும் தொலைநாட்டு விருந்தினரைக் கொண்டுவந்து சேர்த்தது இத்தளம்தான். பாதை நல்லது, பாதையில் சுங்கச் சாவடி வைத்தவன் ஊருக்கே அரசன் ஆவதுதான் தீது.

எனவே நாம் கேட்பவை மூன்று. விலைச் சமநிலை விதி எந்த வடிவிலும் செல்லாது என்று சட்டமே சொல்லட்டும். வழக்குக்கு வழக்கு காத்திருக்க வேண்டாம். 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மின்னணுப் போட்டி மசோதா வரைவு, குற்றம் நடந்தபின் தண்டிப்பதை விட முன்னதாகவே விதி வகுப்பதைப் பேசிற்று. அந்தத் திசையே சரியான திசை. இரண்டாவது, கமிஷன் கூட்டிக் கொடுத்ததால் முன்னே வந்த விடுதி எது என்பது திரையிலேயே தெரியட்டும். மூன்றாவது, பொதுத்துறை இதில் கைகட்டி நிற்க வேண்டாம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் தன் ஓட்டல்களுக்குத் தானே இணையத்தில் முன்பதிவு நடத்துகிறது. வாடகைக் கார்களுக்காகக் கேரள அரசு 2022இல் 'கேரள சவாரி' தொடங்கியது. சிறு விடுதிகளுக்கும் குறைந்த கமிஷனில் ஒரு பொதுவாசல் ஏன் கூடாது?

சட்டம் வரும்வரை நம் கையிலும் ஒன்று உண்டு, தோழரே. அடுத்த முறை திரையில் விடுதியைப் பார்த்தபின், ஒரு நிமிடம் நில்லுங்கள். விடுதியின் எண்ணைத் தேடி நேரே அழையுங்கள். "ஐயா, அறை இருக்கிறதா? நேரே வந்தால் என்ன வாடகை?" என்று கேளுங்கள்.

பழைய கேள்விதான். அந்தக் கேள்விக்கு அச்சமின்றிப் பதில் சொல்லும் உரிமை அறைக்குச் சொந்தக்காரருக்கு இருக்க வேண்டும். அவ்வளவே நாம் கேட்பது!