தலைக்கு மேலே ஏலம்

"ஏல, தெரியுதா?"

"இல்லப்பா, கொசுவாத்தான் பறக்கு."

"இப்ப?"

"சத்தம் வருது. படம் இல்ல."

எண்பதுகளில் தூத்துக்குடியில் வளர்ந்தவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடம். அப்பா மொட்டைமாடியில் இரும்புக் குழாயைப் பிடித்துத் திருப்புவார். டிவி முன்னால் உட்கார்ந்து அம்மா சொல்வதை, படிக்கட்டில் நின்று நான் மேலே கத்த வேண்டும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இது வாரத்துக்கு ரெண்டு தடவை நடக்கும். குழாயின் உச்சியில் மீன்முள் மாதிரி இருந்த அந்த ஆன்டெனா சென்னையைப் பார்க்கவில்லை. தென்கிழக்கே கொழும்பைப் பார்த்தது.

சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கிவிட்டது. ஆனால் அதன் அலை எங்கள் ஊர்வரை வராது. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியது, கலரில். கொழும்பு எங்களுக்கு நேர்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர், நடுவில் முழுக்கக் கடல். வெயில் காலத்தில் கடலுக்கு மேலே ஈரக் காற்றும் அதற்கு மேலே சூடான காற்றும் அடுக்காகப் படியும்போது அலை நேராகப் போய் வானத்தில் தொலையாமல் வளைந்து வளைந்து அடிவானத்தைத் தாண்டி வரும். சொந்த நாட்டு அரசாங்கம் கொடுக்காத படத்தை மன்னார் வளைகுடா கொடுத்தது. பாஸ்போர்ட் கேட்கவில்லை, மாசக் கட்டணம் கேட்கவில்லை.

பிறகு தூர்தர்ஷனின் கொடைக்கானல் ஒளிபரப்பி வந்தது. ஆன்டெனாவை வடமேற்கே திருப்பினோம். மலை இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே நிற்பதால் ஏறக்குறைய 175 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் ஊரையும் எட்டிப் பார்த்தது. அப்புறம் ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரக் கோபுரம் கட்டினார்கள். நான் காலேஜ் படிக்கும்போது கேபிள் வந்தது, குழாயில் துணிக்கொடி கட்டினோம்.

இதுவரை சொன்னது நினைவு ஏக்கம். அதை எழுத நான் உட்காரவில்லை.

2021 அக்டோபரிலிருந்து 2022 மார்ச்சுக்குள், மூன்று கட்டமாக, பிரசார் பாரதி நாடு முழுக்க மிச்சமிருந்த அனலாக் ஒளிபரப்பிகளை அணைத்தது. கேந்திர இடங்கள் என்று சுமார் 50ஐ மட்டும் விட்டுவைத்தது. சொன்ன காரணம்: பழைய தொழில்நுட்பம், செலவு மிச்சம், அலைவரிசை மிச்சம். ஊரில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. நானும்தான். ஒரு உரிமை போகும்போது சத்தமே கேட்கவில்லை என்றால், அது உரிமை என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று அர்த்தம்.

அனலாக் செத்தது தப்பில்லை. உலகம் முழுக்க அதை மூடினார்கள். அதன் இடத்தில் எதை வைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

பிரிட்டனில் 2007இல் ஆரம்பித்து 2012க்குள் வட்டாரம் வட்டாரமாக அனலாக்கை நிறுத்தினார்கள். அதே கோபுரங்களிலிருந்து டிஜிட்டல் அலை வந்தது. பழைய ஆன்டெனாவே பெரும்பாலான வீடுகளுக்குப் போதுமாக இருந்தது. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே ஆள் வந்து பெட்டி மாட்டிக் கொடுக்க ஒரு திட்டம் வைத்தார்கள். ஒரு அனலாக் சேனல் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் டிஜிட்டலில் பல சேனல்களை அடுக்கலாம். கொசு பறக்காது, நிழல் விழாது. ஒன்று, படம் சுத்தமாக வரும். இல்லை, சுத்தமாக வராது.

இங்கே? 2016 பிப்ரவரியில் தூர்தர்ஷன் 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து ஒரே பெயர் சென்னை. கேபிள் கம்பி எல்லாத் தெருவிலும் தொங்குகிற நகரத்துக்குக் காற்றிலும் கொடுத்தார்கள். மணப்பாடும் பெரியதாழையும் வேம்பாரும் அந்தப் பட்டியலில் எப்போது வரும் என்று கேட்க ஆள் இல்லை. தனியார் சேனல்களையும் இந்தத் தரைவழியில் அனுமதிக்கலாம் என்று 2017 ஜனவரியில் டிராய் பரிந்துரை கொடுத்தது. காகிதம் காகிதமாகவே கிடக்கிறது.

"யாருய்யா இப்ப டிடி பாக்கா? எல்லாவன் கையிலயும் போன் இருக்கே" என்று நண்பன் சிரித்தான். உங்களில் பலருக்கும் அதே எண்ணம் வந்திருக்கும். சரி, போனையே எடுத்துக்கொள்வோம். எங்கள் ஊரில் போன் கைவிட்ட இரண்டு வாரங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, 2018 மே. ஸ்டெர்லைட் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு, 13 பேர் சாவு. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தைத் துண்டிக்க உத்தரவு. ஊரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை பெங்களூரில் இருந்த சொந்தக்காரன் எங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னான். இணையத்துக்கு ஒரு மாவட்டத்தின் பெயர் தெரியும். அதனால் மாவட்டத்தைப் பார்த்து அணைக்க முடியும். காற்றில் போகிற ஒளிபரப்புக்கு யார் வாங்குகிறார்கள் என்றே தெரியாது.

இரண்டு, 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவில் நின்றது. கரண்ட் போனது. செல்போன் கோபுரங்களின் பேட்டரி தீர்ந்தது. தாமிரபரணி எந்தத் தெருவரை வந்திருக்கிறது, எந்தப் பாலம் அறுந்திருக்கிறது என்பது எங்களைத் தவிர இந்தியா முழுக்கத் தெரிந்திருந்தது.

கரண்ட் இல்லாவிட்டால் டிவியும் ஓடாதே என்பீர்கள். வீட்டு டிவி ஓடாது. ஆனால் கையடக்கமான பெட்டியை பைக் பேட்டரியில் ஓட்டலாம். ஒரு சின்ன ட்யூனர் இருந்தால் போனிலேயே வாங்கலாம், அதற்கு சிம்கார்டு வேண்டாம். அப்படி நேரடியாகப் போனுக்கு ஒளிபரப்பும் சோதனைகள் இந்தியாவிலேயே நடந்திருக்கின்றன, கைபேசி நிறுவனங்கள்தான் எதிர்க்கின்றன. முக்கியமான விஷயம், ஒளிபரப்பி நிற்கிற இடம். தாமிரபரணி பொங்கினால் கொடைக்கானல் முங்காது. எங்கள் பேரழிவுக்கு வெளியே, 175 கிலோமீட்டர் தள்ளி, ஜெனரேட்டரோடு ஒரு கோபுரம் நின்று பேசினால் போதும்.

"சரி, அந்த டிடி 2018 மே மாசம் உண்மையைச் சொல்லியிருக்குமா?" நியாயமான கேள்வி. சொல்லியிருக்காது என்றுதான் நானும் நினைக்கிறேன். தண்ணீர் கலங்கலாக வருகிறதென்று குழாயைப் பிடுங்கி எறிகிறவர் உண்டா? தண்ணீரைச் சுத்தம் பண்ணத்தான் சண்டை போடுவோம். மாவட்டச் செய்தி வேண்டும், மீனவர்களுக்கான கடல் எச்சரிக்கை வேண்டும், ஒரு அலைவரிசையில் பத்துப் பேர் பேச இடம் வேண்டும். குழாயே இல்லை என்றால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

ஃப்ரீ டிஷ் இருக்கிறதே என்று இன்னொரு பதில். இருக்கிறது, மாசக் கட்டணமும் இல்லை. ஆனால் அதன் இடங்கள் தனியாருக்கு ஏலத்தில் போகின்றன. எடுத்துப் பாருங்கள், இந்திச் சேனல்கள் வரிசைகட்டி நிற்கும், தமிழுக்கு விரல்விட்டு எண்ணலாம். ஒரே செயற்கைக்கோளிலிருந்து ஒரே படம் காஷ்மீருக்கும் கன்னியாகுமரிக்கும் போகும். காயல்பட்டினத்துக்கு மட்டும் ஒரு செய்தி சொல்ல அதற்குத் தெரியாது. அடைமழையில் சிக்னலும் போய்விடும். எங்களுக்கு அது மிகத் தேவைப்படுகிற நேரம் அடைமழைதான்.

1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம், காற்றலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்புச் சொன்னது. பொதுச் சொத்து என்றால் எனக்கும் அதில் பங்கு உண்டு. 2022 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் ஜியோ 39,270 கோடி ரூபாய்க்கு எடுத்தது. பல நாடுகளில் ஒரு காலத்தில் தொலைக்காட்சி போய்க்கொண்டிருந்த அலைவரிசை அது. விற்றது சரியா தப்பா என்பது வேறு விவாதம். விற்ற காசில் ஒரு துளியாவது, காசு கொடுக்க முடியாதவனின் காதுக்கும் கண்ணுக்கும் திரும்பி வந்ததா?

எங்கள் கரைக்கு ஏலம் புதுசு இல்லை. முத்துக்குளிப்புக் காலத்தில் மூச்சடக்கி மூழ்கியவன் கொண்டுவந்த சிப்பியில் அவனுக்கு ஒரு பங்கு, சர்க்காருக்கு இரண்டு பங்கு. சர்க்கார் பங்கைக் கரையிலேயே குவித்து ஏலம் விடுவார்கள். கடைசிக் குளிப்பு 1961இல் முடிந்தது. காலுக்குக் கீழே கிடந்ததற்கு நடந்தது இப்போது தலைக்கு மேலே இருப்பதற்கு நடக்கிறது. ஒரே வித்தியாசம், அப்போது மூழ்கினவனுக்கு மூன்றில் ஒன்றாவது கிடைத்தது.

கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. கொடைக்கானலில் ஒன்று, ராமேஸ்வரத்தில் ஒன்று, டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பி. இரண்டு இடத்திலும் மலையும் கோபுரமும் ஏற்கெனவே இருக்கின்றன. இங்கே விற்கும் ஒவ்வொரு டிவியிலும் அதை வாங்கும் ட்யூனர் கட்டாயம். தென்மாவட்டங்களுக்கென்று ஒரு செய்தி நேரம். இதை நாடாளுமன்றத்தில் எங்கள் உறுப்பினர் கேட்க வேண்டும். அவரைக் கேட்க வைக்க வேண்டியது நாம்.

அப்பா இப்போது மாடி ஏறுவதில்லை. குழாய் துருப்பிடித்து நிற்கிறது, அம்மா அதில் இன்னும் கொடி கட்டித்தான் துணி காயப்போடுகிறாள். இரும்புக்கடைக்குப் போட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வடமேற்கே திருப்ப வேண்டிய நாள் வந்தால் நான் ஏறிக்கொள்கிறேன்.