அழைப்பு மடலும் அடகுக் கடையும்

சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் பழைய மாணவர் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். நம் துறையில் இளங்கலைத் தமிழ் பயின்றவர். ஓவியத்தில் ஈடுபாடு மிக்கவர். தருமபுரி அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களின் முன் நாள் முழுதும் அமர்ந்து கோட்டோவியம் வரைந்து பழகியவர். அவர் கையில் ஓர் அழைப்பு மடல் இருந்தது. ஐரோப்பிய நாடொன்றின் சிற்றூரில் இயங்கும் கலைஞர் உறைவிடம் ஒன்று, ஆறு வாரம் தங்கி ஓவியம் தீட்ட அவரைத் தேர்ந்தெடுத்திருப்பதாக அம்மடல் தெரிவித்தது.

மகிழ்ந்தோம், வாழ்த்தினோம். பின்னரே மடலை இறுதிவரை படித்தோம். அறைக்கும் பணிக்கூடத்திற்கும் உரிய கட்டணம், விமானச் செலவு, உணவு, காப்பீடு ஆகிய அனைத்தும் கலைஞரின் பொறுப்பு எனக் கடைசிப் பத்தி கூறியது. கணக்கிட்டால் நான்கு இலட்சம் ரூபாயைத் தாண்டும். மாணவரின் தந்தையார் தையற்கடை நடத்துபவர். தாயாரின் நகைகளை அடகு வைப்பதென வீட்டில் முடிவாகியிருந்தது. விசா விண்ணப்பத்துடன் இணைக்க ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்பதே நம்மிடம் அவர் வைத்த வேண்டுகோள்.

தாளை எடுத்தோம், எழுத முடியவில்லை. அந்தத் தயக்கத்தின் காரணத்தை எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

உறைவிடம் என்பது யாது?

அன்றாடக் கவலைகளிலிருந்து கலைஞனைச் சில காலம் விடுவித்து, இடமும் நேரமும் தந்து, படைப்பில் மூழ்கச் செய்யும் ஏற்பாட்டையே கலைஞர் உறைவிடம் என்கிறோம். ஆங்கிலத்தில் ‘ரெசிடென்சி’ என்பர். இது புதிய கருத்தன்று. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி காலத்தில், 1666-இல், உரோம் நகரில் ஒரு கலைக்கழகம் நிறுவப்பட்டது. தேர்ந்த இளங்கலைஞர் அரசின் செலவில் அங்குச் சென்று தங்கிப் பயின்றனர். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1907-இல் தோன்றிய மாக்டவல் உறைவிடம், தங்கும் கலைஞரிடம் இன்றளவும் கட்டணம் பெறுவதில்லை. அயோவா பல்கலைக்கழகத்தில் 1967-இல் தொடங்கப்பெற்ற பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்திற்கு நம் அசோகமித்திரன் 1973-இல் அழைக்கப்பட்டார். அந்த அனுபவமே பின்னர் ‘ஒற்றன்’ என்னும் நாவலாக மலர்ந்தது.

இவற்றில் எல்லாம் ஒரு பொதுத்தன்மை உண்டு. படைப்பைப் பார்த்தார்கள், படைத்தவரை அழைத்தார்கள், செலவைத் தாங்கினார்கள். இன்றோ உலகெங்கும் வேறொரு வகை பெருகியுள்ளது. அழைப்பு அவர்களுடையது, செலவு நம்முடையது. ‘சுயநிதி’ என்னும் சொல் கல்லூரி வட்டாரத்தில் நமக்குப் பழகிய சொல்தான். அச்சொல் இப்போது கலையுலகிலும் நுழைந்துவிட்டது.

தகடூர் தந்த அளவுகோல்

நாம் வாழும் இம்மண் பண்டு தகடூர் எனப் பெயர் பெற்றது. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட மண். ஒளவையார் பலநாள் தங்கிப் பாடிய மண். உறைவிடம் என்னும் கருத்து எங்கோ பிறந்ததன்று. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே இங்கு நடைமுறையில் இருந்தது எனலாம்.

அக்காலத்து நிகழ்வு ஒன்றைப் புறநானூற்று 208-ஆம் பாடல் காட்டுகிறது. பெருஞ்சித்திரனார் மலைகள் பல கடந்து அதியமானைக் காண வருகிறார். மன்னன் அவரை நேரில் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்புகிறான். புலவர் அதை ஏற்கவில்லை. தம்மைக் காணாது, தம் தகுதி அறியாது கொடுக்கும் பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் வணிகர் அல்லர் என்கிறார். தகுதி உணர்ந்து கொடுப்பதாயின் தினையளவே ஆயினும் தமக்கு இனிது என்கிறார்.

எண்ணிப் பாருங்கள். தம் புலமையைப் பாராதவன் தந்த பொருளை வாங்கவும் அன்றைய புலவர் மறுத்தார். தன் ஓவியத்தைப் பார்த்தார்களா என்றே தெரியாத ஒருவருக்குப் பொருளைக் கொடுக்க இன்றைய இளைஞர் முந்துகிறார். பணம் எத்திசையில் பாய்கிறது என்பது இரண்டாவது கேள்வி. நம் கலையை அவர்கள் கண்டார்களா என்பதே முதற்கேள்வி. அம்மடலில் மாணவரின் ஓவியத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நம் தயக்கத்திற்குக் காரணம் அதுவே.

சுயநிதி எல்லாம் ஏமாற்றா?

அவ்வாறு கூறுவது அறமாகாது. பாரிசு நகரில் 1965-இல் திறக்கப்பெற்ற பன்னாட்டுக் கலையகம் பெருமதிப்புடையது. அங்குத் தங்கும் கலைஞரிடமும் மாதக் கட்டணம் பெறும் வழக்கம் உண்டு. அரசுதவி இல்லாத சிறு உறைவிடங்கள் கட்டணம் இன்றி நடக்க இயலாது என்பதும் உண்மையே.

தன் செலவில் கலை வளர்ப்பது இழிவும் அன்று. சென்னைக் கலைக்கல்லூரி முதல்வராக விளங்கிய கே.சி.எஸ். பணிக்கரும் அவர்தம் மாணவரும் ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினர். எவரிடமும் கையேந்தவில்லை. பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அவ்வருவாயில் நிலம் வாங்கினர். அதுவும் சுயநிதியே! ஆயின் அது உழைப்பால் வந்த நிதி. தாயின் கழுத்திலிருந்து கழற்றிய நிதியன்று. கையுழைப்பில் சேர்த்த பொருளை ஒருவர் தம் கலைக்குச் செலவிடுவதை நாம் வரவேற்கிறோம். வட்டிக்கு வாங்கிய பொருளில் ஆறு வாரம் வெளிநாடு சென்று, ஆறாண்டுகள் கடன் அடைப்பதையே மறுக்கிறோம்.

விண்ணப்பிக்குமுன் கேட்க வேண்டியவை

எனவே மாணவர்கள் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை பெறல் வேண்டும். முதலாவது: என் படைப்புகளைப் பார்த்துத் தேர்ந்தவர் யார்? எதைக் கருதித் தேர்ந்தார்? இரண்டாவது: முன்னர் அங்குத் தங்கிய கலைஞர் இருவர்க்கு நான் கடிதம் எழுதலாமா? மூன்றாவது: விசா கிடைக்கவில்லையாயின் கட்டிய பணம் திரும்புமா?

மூன்றாவது கேள்வியைச் சிறிதென எண்ணற்க. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவிற்கு 2024 சூன் முதல் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அக்கட்டணம் திரும்ப வாராது. குறைந்தது 30,000 யூரோ அளவிற்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். செலவுக்குப் பணம் இருப்பதற்கு வங்கிச் சான்றும் வேண்டும். அழைப்பு மடல் கையில் இருப்பதாலேயே கதவு திறந்துவிடாது.

இன்னொன்றும் கூறுவோம். விண்ணப்பத்தில் ‘நான் ஏன் அங்கு வர விரும்புகிறேன்’ என ஒரு பக்கம் எழுதக் கேட்பார்கள். ‘உலகத்தரம்’, ‘பண்பாட்டுப் பரிமாற்றம்’ என அலங்காரச் சொற்களை அடுக்குவதால் பயனில்லை. தருமபுரியில் செய்ய இயலாத எதை அங்குச் செய்யப் போகிறோம் என்பதை நான்கே வரியில் சொல்ல முடியுமா? முடியுமாயின் விண்ணப்பிக்கலாம். முடியாதாயின் இன்னும் ஓராண்டு வரையலாம். செலவேற்கும் வாயில்களையும் முதலில் தட்டிப் பார்த்தல் வேண்டும். இங்கிலாந்து செல்வோர்க்குச் சார்லசு வாலசு இந்திய அறக்கட்டளை உண்டு. பெங்களூரில் கலைகளுக்கான இந்திய அறக்கட்டளை உண்டு. சென்னையில் லலித் கலா அகாதெமியின் பணிக்கூடங்கள் உண்டு.

மாணவரின் மறுமொழி

இவற்றை எல்லாம் கூறியபோது மாணவர் பொறுமையாகக் கேட்டார். பின்பு, “ஐயா, உதவித்தொகை வரட்டும் என்று காத்திருப்பவன் தருமபுரியைத் தாண்டவே மாட்டான். அதற்கு விண்ணப்பிக்கிற ஆங்கிலம் எனக்குக் கிடையாது; பெரிய ஓவியர்களின் அறிமுகமும் கிடையாது. பணம் கொடுத்தால் திறக்கிற கதவு ஒன்றுதானே எனக்கு இருக்கிறது?” என்றார்.

நமக்கு உடனே விடை தோன்றவில்லை. அவர் கூற்றில் உண்மை இருந்தது. இம்மாவட்டத்து இளைஞர் பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறுகின்றனர். அதற்கு எவர் பரிந்துரையும் வேண்டுவதில்லை. கலை தேடிப் புறப்படுபவருக்கோ வழி சொல்லவும் ஆளில்லை.

இந்த இடத்தில் நம் கேள்வி சமுதாயப் பெரியவர்களை நோக்கித் திரும்புகிறது. மருத்துவம் பயில்வார்க்கும் பொறியியல் பயில்வார்க்கும் நீங்கள் வாரி வழங்குகிறீர்கள்; அந்நன்றி எமக்கு என்றும் உண்டு. ஓவியம் தீட்டும் ஒரு பிள்ளைக்கு இதுவரை எவரேனும் வழங்கியதுண்டா? பெருந்தொகை கேட்கவில்லை. வட்டியில்லா அழகிய கடன் நம் மரபில் உள்ளதே. அதில் ஒரு சிறு பங்கைக் கலைக்கென ஒதுக்கி, ஈராண்டுக்கு ஒருவரை, அவர் படைப்பைக் கண்ணால் பார்த்தபின், தேர்ந்து அனுப்பலாகாதா? தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் கூடி ஆண்டுக்கு ஒருமுறை விண்ணப்பம் எழுதும் பயிற்சி நடத்தலாகாதா? பின்னதற்குப் பணமும் வேண்டுவதில்லை. இதுகாறும் அதைச் செய்யாத குறை ஆசிரியராகிய நம்முடையதே.

அம்மாணவர் மூன்று கேள்விகளையும் எழுதி அனுப்பினார். இரண்டே நாளில் பதில் வந்தது. வங்கிக் கணக்கு எண்ணும் பணம் கட்ட வேண்டிய கடைசி நாளும் அதில் இருந்தன. கேட்டவற்றுக்கு விடை இல்லை. நகைகள் வீட்டிலேயே இருக்கின்றன. அவர் மீண்டும் நடுகற்களின் முன் அமர்ந்து வரைகிறார். செலவேற்கும் ஓர் அமைப்பிற்கு இம்முறை விண்ணப்பம் அனுப்பியுள்ளார். ஆங்கிலத்துறை நண்பர் ஒருவர் திருத்திக் கொடுத்தார். முடிவு இன்னும் வரவில்லை. பரிந்துரைக் கடிதத்தை நாம் எழுதினோம்; இம்முறை கை தயங்கவில்லை.