ஆடுகளம் மட்டும் போதாது, கணக்கு நோட்டும் நம் கைக்கு வரட்டும்

பேளுக்குறிச்சி சனிக்கிழமைச் சந்தைக்குக் கொல்லிமலை மிளகு வருகிறது. கொடி வளர்த்து, பறித்து, காயவைத்து, மூட்டை சுமப்பவர் ஒருவர். தராசைப் பிடித்து விலை சொல்பவர் வேறொருவர். உழைப்பு எவ்வளவு கடுமையாக இருந்தாலும், தராசு யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதே விலை. விளையாட்டிலும் இதே கதைதான் நடக்கிறது.

பொங்கல் வந்தால் நம் வட்டாரத்தில் மின்னொளி கபடிப் போட்டிகள் களைகட்டும். நம் தெருப் பிள்ளைகள் ஆடுகிறார்கள், ஜெயிக்கிறார்கள், கோப்பையோடு வருகிறார்கள். ஆனால் போட்டி நோட்டீசை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். விழாக் குழுத் தலைவர், பொருளாளர், நடுவர், பரிசு வழங்குவோர் என்று அச்சடித்திருக்கும் பெயர்களில் நம் தெருவைச் சேர்ந்தவை எத்தனை? எந்த அணியைச் சேர்ப்பது, வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று முடிவெடுக்கும் இடத்தில் நம்மவர் இருப்பது அரிது. விளையாட்டு மேலாண்மைப் படிப்பைப் பற்றி இன்று நாம் எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் குறை நேற்று வந்ததல்ல. இந்திய கிரிக்கெட்டின் முதல் பெரிய பந்துவீச்சாளர்களில் ஒருவர் பல்வங்கர் பாலு. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். புனேயில் மைதானப் பணியாளராக இருந்தபடியே பந்துவீச்சைக் கற்றவர். 1911ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவருடைய பந்து வேண்டும் என்றவர்கள், தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே தனிக் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். மும்பைப் போட்டிகளில் இந்து அணியின் தலைவர் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அதை எதிர்த்து அவருடைய தம்பிகள் 1920ல் அணியிலிருந்து விலகினார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான், 1923ல், தம்பி விட்டல் அணித் தலைவரானார். பாலுவுக்குத் திறமையில் குறை இருந்ததில்லை. தேர்வுக் குழுவில் அவருக்காகப் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நூறாண்டு கடந்தும் நிலைமை முழுதாக மாறிவிடவில்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் நாட்டுக்காக ஹாக்கி ஆடிய வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்பு, அரையிறுதியில் இந்தியா தோற்றதும், சாதியைச் சொல்லி ஏசினார்கள். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் தலித் மாணவர் ஒருவரின் விரல்கள் வெட்டப்பட்டன. கபடியில் தோற்ற ஆத்திரமே காரணம் என்று அவர் குடும்பத்தார் சொன்னார்கள். போட்டி நடத்துபவருக்கு விசில் ஊதத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதற்கு இவை சாட்சி. வீரர்களின் பாதுகாப்பு, பாகுபாடில்லாத தேர்வு, புகார் சொல்ல ஓர் இடம் எல்லாம் நிர்வாகத்தின் கடமை. அந்த நிர்வாகத்தைப் படிப்பாகவே கற்றுத் தருகிறார்கள்.

விளையாட்டு மேலாண்மை என்றால் என்ன? போட்டியைத் திட்டமிடுவது, மைதானத்தைப் பராமரிப்பது, வரவு செலவு பார்ப்பது, விளம்பரதாரரைப் பிடிப்பது, வீரர்களின் ஒப்பந்தங்களைப் படித்துப் புரிந்துகொள்வது, விளையாட்டுச் சட்டங்கள், ஊடகத் தொடர்பு ஆகியவை இதில் அடங்கும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் நடராஜன், 2023ல் தன் ஊரிலேயே மைதானம் திறந்தார். அப்படியொரு மைதானத்துக்குத் தண்ணீர் ஊற்றவும், பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்கவும், யார் எப்போது ஆடுவது என்று அட்டவணை போடவும் ஆள் வேண்டும். ஐ.பி.எல்., புரோ கபடி போன்ற பெரிய போட்டிகளுக்கோ இப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில் தேவை.

சென்னைக்கு அருகே மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அரசுப் பல்கலைக்கழகம் அது. அங்கே விளையாட்டு மேலாண்மையில் எம்.பி.ஏ. படிக்கலாம். எம்.பி.ஏ. என்பதால் முதலில் ஒரு பட்டம் வேண்டும். ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ அரசுக் கல்லூரியில் பி.காம்., பி.ஏ. படிக்கும் மாணவரும் பின்னால் அங்கே போக வழி உண்டு. மாநில இடஒதுக்கீட்டில் பட்டியல் இனத்தவருக்கு, அருந்ததியருக்கான 3 சதவீதத்தையும் சேர்த்து, 18 சதவீதம் உண்டு. மலையில் வாழும் பழங்குடியினருக்கு 1 சதவீதம் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தனியார் நிறுவனங்கள் சில இதே படிப்புக்குப் பல லட்சம் கேட்கின்றன. விளம்பரத்தில் கிரிக்கெட் நட்சத்திரத்தின் படம் இருப்பதால் வேலை கிடைத்துவிடாது. அந்தப் பட்டம் அங்கீகாரம் பெற்றதா, உதவித்தொகை செல்லுமா, முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டறியாமல் கடன் வாங்கிப் பணம் கட்டாதீர்கள். இந்தத் துறையில் அறிமுகம் இருப்பவருக்கே முதல் வாய்ப்பு போகிறது என்பதும் உண்மைதான். அதனால் படிக்கும்போதே நடுவர் தேர்வு எழுதுங்கள். கல்லூரிப் போட்டிகளில் பொறுப்பு கேட்டு வாங்குங்கள். ஒரு போட்டியின் வரவு செலவையாவது சொந்தமாக எழுதிப் பழகுங்கள்.

அரசுக்கும் சிலவற்றைச் சொல்கிறோம். 2024ல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில், ஊராட்சிகளுக்கு 33 வகைப் பொருள்கள் வழங்கப்படுகின்றன. நல்ல திட்டம். ஆனால் அந்தப் பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது? காலனிப் பிள்ளைகள் தயங்காமல் போய்க் கேட்டு வாங்கும் இடத்திலா? ஒவ்வோர் ஊராட்சியிலும் உபகரணப் பொறுப்புக் குழுவில் காலனி இளைஞர் ஒருவரும், பெண் ஒருவரும் இருக்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது இப்படிப்பட்ட படிப்புகளைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டும். 2025ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், சம்மேளனங்களின் நிர்வாகக் குழுவில் பெண்களுக்கும் சிறந்த வீரர்களுக்கும் இடம் தரச் சொல்கிறது. வரவேற்கிறோம். பட்டியல் இனத்தாருக்கும் பழங்குடியினருக்கும் அந்த மேசையில் நாற்காலி வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறோம்.

நம் பிள்ளைகள் ஓடட்டும், தாவட்டும், ஜெயிக்கட்டும். அவர்களில் பத்துப் பேருக்கு ஒருவராவது, கோப்பையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் உட்காரப் படிக்கட்டும். அடுத்த பொங்கலுக்கு வரும் போட்டி நோட்டீசில், பொருளாளர் என்ற இடத்தில் நம் தெருப் பெண் ஒருத்தியின் பெயரை நாம் வாசிக்க வேண்டும்.