பாரத்தை எங்கே வைப்பது?



அரிசி மூட்டையைக் கம்பில் கட்டி இருவர் தோள் கொடுத்துத் தூக்கிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். மூட்டை நடுவில் தொங்கினால் கம்பு வில்லாக வளையும். அதே அரிசியை இரண்டு பைகளாகப் பிரித்து, ஆளுக்கொன்றாகத் தோளுக்கு அருகில் மாட்டிவிட்டால் கம்பு அவ்வளவாக வளையாது. பாரம் ஒன்றுதான்; கம்பு படுகிற பாடுதான் வேறு. இந்தச் சின்ன உண்மையை வைத்து ஜெர்மனியில் ஒரு விமானம் கட்டியிருக்கிறார்கள். அதைப் பற்றித்தான் இந்த முறை சொல்லப்போகிறேன்.

வெயில் ஏறிய பிறகு பருந்து சிறகடிக்காமல் வட்டமிட்டு மேலே போகிறதல்லவா? சூடான நிலத்திலிருந்து எழும் காற்று அதைத் தூக்குகிறது. கிளைடர் என்னும் விமானமும் அப்படித்தான். நீண்டு மெலிந்த இறக்கைகளோடு, மேலெழும் காற்றைத் தேடித் தேடி மணிக்கணக்கில் பறக்கும். ஆனால் முதலில் அதை யாராவது மேலே கொண்டுபோய் விடவேண்டும். வேறொரு விமானம் கயிறு கட்டி இழுக்கும். அல்லது தரையிலுள்ள இயந்திரம் கம்பியைச் சுருட்டி, பட்டத்தை ஏற்றுவதுபோல் ஏற்றும். ஒருவர் தயவும் வேண்டாம் என்று நினைப்பவர்கள், சிறிய பெட்ரோல் இயந்திரத்தை முதுகில் மறைத்து வைத்த கிளைடரை வாங்குவார்கள். இதைத் தானே எழும் கிளைடர் என்கிறார்கள்.

பெட்ரோல் இயந்திரத்தில் ஒரு தொல்லை உண்டு. மேலே போனதும் அதை நிறுத்தி உள்ளே மடக்கிவிடுவார்கள். இரண்டு மணி நேரம் குளிர்ந்த காற்றில் கிடந்த பிறகு, காற்றின் தயவு தீர்ந்து தரை நெருங்கும்போது, அதை மறுபடி கிளப்பவேண்டும். விடியற்காலையில் பழைய மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தரையில் என்றால் இன்னொரு உதை உதைக்கலாம். ஆகாயத்தில் ஒவ்வொரு விநாடியும் உயரம் குறைகிறது. வெளியே நீட்டிய உந்தி காற்றைத் தடுத்து இன்னும் கீழே இழுக்கிறது. கிளம்பவில்லையென்றால் கண்ணில் படும் வயலில் இறங்கவேண்டியதுதான். மின்மோட்டாரோ விசையைத் தட்டியதும் சுழலும். உயிருக்கு இது பெரிய லாபம்.

மின்சாரத்தால் மனிதனைச் சுமந்து விமானம் பறக்குமா என்று 1973-ஆம் ஆண்டிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஃபிரெட் மிலிட்கி என்பவர், மின்சாரத்தால் பறக்கும் சிறு மாதிரி விமானங்களைச் செய்து பழகியவர். ஒரு மோட்டார் கிளைடரில் மின்மோட்டாரும் நிக்கல் காட்மியம் பேட்டரிகளும் பொருத்தச் செய்தார். அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் ஆஸ்திரியாவின் வெல்ஸ் நகரில் ஹைனோ பிரடிட்ச்கா அதை ஓட்டினார். கால் மணி நேரத்திற்கும் குறைவாகவே பறந்தது. மோட்டாரில் குறையில்லை, பேட்டரியின் எடைதான் காலைப் பிடித்து இழுத்தது.

அந்த எடைக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். 600 கிலோ எடையுள்ள கிளைடரை 1,000 மீட்டர் உயரத்திற்குத் தூக்க, வீணாவது எதையும் சேர்க்காவிட்டால், சுமார் 1.6 யூனிட் மின்சாரம் போதும். நம் வீட்டு மின்சாரக் கட்டணச் சீட்டில் வருகிற அதே யூனிட்தான். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றரை மணி நேரத்திற்குச் சற்று மேல் எரிந்தால் அவ்வளவு ஆகிவிடும். உந்தியிலும் காற்றின் எதிர்ப்பிலும் வீணாவதைச் சேர்த்தாலும் பெரிய தொகையல்ல. ஆனால் ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 யூனிட் சக்தி இருக்கிறது. ஒரு கிலோ லித்தியம் பேட்டரித் தொகுப்பில் ஏறக்குறைய 0.2 யூனிட்தான். பெட்ரோல் இயந்திரம் முக்கால் பங்கை வெப்பமாக வீணாக்குகிறது. மின்மோட்டார் பத்தில் ஒரு பங்கைத்தான் வீணாக்குகிறது. அப்படியும், ஒரு கிலோ பெட்ரோல் செய்யும் வேலைக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல் பேட்டரி வேண்டும். நாள் முழுதும் மோட்டார் ஓடவேண்டிய விமானத்திற்கு இது கட்டுப்படியாகாது. சில நிமிடங்கள் ஓடி, பிறகு காற்றிடம் ஒப்படைத்துவிடும் கிளைடருக்குக் கட்டுப்படியாகும்.

சரி, இத்தனை பாரத்தை எங்கே வைப்பது? மூக்கில் வைத்தால் தலை தொங்கும். வாலில் வைத்தால் விமானம் நிலைதடுமாறும். சுழன்று விழத் தொடங்கினால் மீட்பதும் கடினம். ஆகவே நடுப்பகுதியை ஒட்டித்தான் வைக்கவேண்டும். நடுவில் உடலுக்குள்ளா, இறக்கைக்குள்ளா என்பதே கேள்வி.

ஜெர்மனியின் லாங்கே நிறுவனம் தயாரித்த அன்டாரெஸ் 20இ கிளைடரில் பேட்டரிகளை இறக்கையின் முன்விளிம்புக்குள் வரிசையாக அடுக்கினார்கள். இறக்கையின் மொத்த நீளம் 20 மீட்டர். மோட்டாரின் வலிமை 42 கிலோவாட். முழுப் பேட்டரியில் சுமார் 3,000 மீட்டர் வரை ஏறும். காற்று இறக்கை முழுவதையும் மேலே தூக்குகிறது. எடை நடுவில் கீழே இழுக்கிறது. நம் அரிசிமூட்டைக் கம்பேதான் இது. தூக்குகிற இடத்திலேயே பாரத்தையும் வைத்துவிட்டால் இறக்கையின் அடிப்பகுதி அதிகம் வளையாது.

தரையில் மட்டும் நிலைமை தலைகீழாகும். சக்கரம் நடுவில் தாங்க, பாரம் இருபுறமும் தொங்கும். இரு முனையிலும் பால் வாளியை மாட்டித் தோளில் சுமந்த காண்டாக் கம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் பேட்டரியை இறக்கையின் நுனிவரை கொண்டுபோவது சரிவராது. கனத்த இறக்கை, விமானத்தை இடம் வலமாகச் சாய்ப்பதையும் மந்தமாக்கும். கழற்றி வண்டியில் ஏற்றும்போது தூக்குகிறவர்களின் முதுகு வலிக்கும்.

ஸ்லோவேனியா நாட்டில் வேறு வழி கண்டார்கள். மோட்டார் மூக்கில் இருக்கும்; உந்தியின் இதழ்கள் வேலை முடிந்ததும் மூக்கின் ஓரமாக மடங்கிக்கொள்ளும். முப்பது கிலோ அளவுள்ள பேட்டரிகள் விமானியின் பின்னால், உடலுக்குள் இருக்கும். கழற்றி எடுத்துப்போய் மின்னேற்றலாம். எடை குறைந்த கிளைடர்கள் இதைக்கொண்டு தாமே எழுகின்றன. கனமானவற்றுக்கு இது வழியில் கைகொடுக்கும் துணை மட்டுமே.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. 2017 ஆகஸ்டில் இங்கிலாந்தின் தென்பகுதியில், பார்ஹம் விமானத் திடலில், இத்தகைய கிளைடர் ஒன்றின் பேட்டரி தரையிறங்கும் நேரத்தில் தீப்பற்றிக்கொண்டது. விமானி காயமின்றி வெளியே வந்தார். அது நடு ஆகாயத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதுகுக்குப் பின்னால் எரிவது கண்ணுக்குத் தெரியாதே! தீயை அறிவிக்கும் எச்சரிக்கைக் கருவி வேண்டும் என்று விசாரணை செய்தவர்கள் வலியுறுத்தினார்கள். பாரத்தை வைக்குமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அது கெட்டுப்போனால் பக்கத்தில் யார் இருப்பார் என்பதையும் எண்ணவேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

"நாம் எங்கே கிளைடர் ஓட்டப்போகிறோம், சார்?" என்று கேட்பீர்கள். கிளைடர் இல்லாவிட்டாலும் அதே இனத்து லித்தியம் பேட்டரி இன்று நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. கைப்பேசியில் இருக்கிறது; மின்சார சைக்கிளில் இருக்கிறது. தலையணைக்கு அடியில் கைப்பேசியை வைத்து மின்னேற்றாதீர்கள். உப்பிப்போன பேட்டரியை அமுக்கியோ குத்தியோ பார்க்காதீர்கள். உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். மின்சார சைக்கிளை வாசற்கதவை அடைத்து நிறுத்தி, இரவெல்லாம் மின்னேற்ற விட்டுவிட்டுத் தூங்காதீர்கள். தீப்பிடித்தால் பிள்ளைகள் ஓடிவர வேண்டிய வழி அதுதான்.

விமானம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு கிலோவுக்கும் இடம் பார்த்து வைக்கிறார்கள். நம் வீட்டில் அந்த ஒரு பொருளுக்காவது இடம் பார்த்து வைப்போம். அடுத்த இதழில் சந்திப்போம்.