முடியும் என்று தெரிந்த கதை

கொரியத் தொடர் பார்ப்பவர்களைப் பற்றிப் பொதுவாக ஒரு எண்ணம் உண்டு. பளிச்சென்ற முகங்களுக்கும் மழைக்கு ஒரே குடையில் ஒதுங்கும் காதலுக்கும் மயங்குகிறார்கள் என்று. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் அழகான முகமும் கண்ணீரும் எந்த ஊர்த் தொடரில் இல்லை? ஒரு தொடரைப் பார்த்து முடித்தவர், அடுத்த வருடமே அதை முதல் எபிசோடிலிருந்து மறுபடி பார்க்க உட்காருகிறாரே, அதற்கு இந்தக் காரணம் போதாது. எனக்குத் தெரிந்த காரணம் எளிமையானது: இந்தத் தொடர்கள் முடிகின்றன. எப்போது முடியும் என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், பார்க்கிறவருக்கும் தெரியும். வாரம் இரண்டு எபிசோட், மொத்தம் பதினாறு, எட்டு வாரத்தில் கதை முடிந்தது என்பது அங்கே வெகுகாலமாக உள்ள வழக்கம். காட்சிகளுக்குக் கனம் வருவது அந்தக் கெடுவால்தான்.

டிவிஎன் சேனலில் 2015 நவம்பரில் தொடங்கி 2016 ஜனவரியில் முடிந்த ‘ரிப்ளை 1988’ஐ எடுத்துக்கொள்வோம். லீ ஊ-ஜுங் எழுதி ஷின் வொன்-ஹோ இயக்கிய தொடர். சியோலின் சாங்முன்-டோங் பகுதியில் ஒரு சந்து, அதில் ஐந்து குடும்பங்கள். முதல் எபிசோடில் ராத்திரிச் சாப்பாட்டு வேளை வருகிறது. ஒரு வீட்டம்மா பக்கத்து வீட்டுக்கு ஒரு பதார்த்தம் கொடுத்தனுப்புகிறார். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல் அங்கிருந்து வேறொன்று வருகிறது. பிள்ளைகள் கையில் பாத்திரத்தோடு சந்தில் குறுக்கும் நெடுக்குமாக அலைகிறார்கள். கதை நகர்வதற்கு இந்தக் காட்சி தேவையே இல்லை. ரகசியம் எதுவும் உடையவில்லை, யாரும் யார் குடியையும் கெடுக்கவில்லை. ஆனாலும் கேமரா அவசரப்படாமல் அங்கேயே இருக்கிறது. கடைசி எபிசோடில் அந்த இடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள். குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகின்றன. சந்து காலியாகிறது. அதைப் பார்த்த பிறகு முதல் எபிசோடுக்குத் திரும்பினால், அந்தப் பாத்திரங்களை முன்பு பார்த்த கண்ணால் பார்க்க முடியாது. சந்து என்றைக்கும் அப்படியே இருக்கும் என்ற நினைப்பில் எழுதியிருந்தால் இந்தக் கனம் வந்திருக்காது.

அப்படியானால் நீளமான தொடரெல்லாம் மட்டமா என்று கேட்கலாம். இல்லவே இல்லை. ஜப்பானில் என்எச்கே 1983–84இல் ஒளிபரப்பிய ‘ஓஷின்’ பதினைந்து பதினைந்து நிமிடமாக 297 எபிசோட் ஓடியது. அதன் முதல் எபிசோடிலேயே ஓஷின் எண்பதைத் தாண்டிய கிழவி. வீட்டில் சொல்லாமல் ரயிலேறிப் போனவளைப் பேரன் தேடிப் போகிறான், அங்கிருந்து 1907ஆம் வருடத்துச் சிறுமியின் கதை விரிகிறது. எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்று ஹாஷிடா சுகாகோ முதல் நாளே காட்டிவிட்டுத்தான் நீட்டி எழுதினார். 2025 மார்ச்சில் வந்த கொரியத் தொடர் ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டாஞ்சரின்ஸ்’ இன்னும் துணிச்சலானது. லிம் சாங்-சுன் எழுதிய அந்தப் பதினாறு எபிசோடும் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நான்கு பகுதிகளாக, வாரம் ஒரு பகுதியாக வந்தன. கடைசியில் குளிர்காலம் வந்தே தீரும் என்று தெரிந்துதான் பார்க்க உட்காருகிறோம். அதனால்தான், பிழைப்புக்கு வழியில்லாத இளம் தம்பதியின் அரிசிப் பானையில் வீட்டுக்காரப் பாட்டி யாருக்கும் தெரியாமல் அரிசி போட்டுவைக்கும் அந்தச் சின்ன விஷயம் அப்படி நெஞ்சில் தங்குகிறது. அவர்களுடைய வசந்தம் எவ்வளவு குறுகியது என்று நமக்குத் தெரியும்.

இதில் கலை எங்கே இருக்கிறது, எல்லாம் வியாபாரக் கணக்கு என்பவர்கள் உண்டு. கணக்குதான், மறுக்கவில்லை. இன்றைய காட்சியை இன்றைக்கே எழுதி, எடுத்து, ஒளிபரப்பிய காலம் அங்கேயும் இருந்தது. கதாபாத்திரங்கள் காரணமே இல்லாமல் ஒரே சாண்ட்விச் கடையில் போய் உட்காருவதும் விளம்பரக் காசுக்காகத்தான். ஓடுகிற குதிரையை விடமாட்டார்கள் என்பதற்கு ‘ஜுமோங்’ தொடர் சாட்சி. 60 எபிசோட் என்று திட்டமிட்டதை 81 வரை இழுத்தார்கள். மாதக்கணக்கில் ஓடும் தினசரித் தொடர்களும் அங்கே உண்டு. ஆனால் வெண்பாவுக்கு அடி எத்தனை என்று யாரோ விதித்ததுதான், அந்த விதிக்குள் என்ன செய்தார்கள் என்பதைத்தானே பார்க்கிறோம்?

முடிவுகள் பல சமயம் சொதப்புகின்றன என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். ‘ரிப்ளை 1988’இலேயே நாயகி டோக்-சுன் யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்பதில் கொதித்தவர்கள் ஏராளம். அவளை விரும்பும் ஜுங்-ஹ்வான் மோதிரத்தை எடுத்து வைத்து, வருடக்கணக்காக மனசில் கிடந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று மழுப்பிவிடுகிறான். அதன் பிறகு அவனைக் கதை அம்போவென்று விட்டுவிட்டது என்பது என் கருத்தும்கூட. ஆனால் இந்தச் சண்டையை நம்மால் போட முடிகிறதே, அதைக் கவனிக்க வேண்டும். அவள் கடைசியில் கட்டிக்கொள்ளும் டேக்கின் பக்கம் பேசுகிறவர் ஆரம்ப எபிசோடுகளிலிருந்து ஆதாரம் எடுத்துக் காட்டுகிறார். மற்றவர் அதே காட்சியை வேறு மாதிரி படிக்கிறார். கதை முடிந்துவிட்டதால்தான் இது நடக்கிறது. ஓடிக்கொண்டே இருக்கும் தொடரில் நாளைக்கு என்ன ஆகும் என்றுதான் பேச முடியும்.

கொரிய மியூசிக் வீடியோவிலோ, குறித்த நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்ற இந்த நெருக்கடி ஐந்தரை நிமிடமாகச் சுருங்குகிறது. பிடிஎஸ் குழுவின் ‘ஸ்பிரிங் டே’ 2017 பிப்ரவரியில் வந்தது. அதில் வரும் விடுதியின் பெயர் ஓமெலாஸ். ஒரு குழந்தையின் துயரத்தின் மேல் ஊர் முழுக்க மகிழ்ச்சியாக வாழ்வதாக உர்சுலா லெ குவின் எழுதிய கதையின் ஊர்ப்பெயர் அது. மலைபோல் குவிந்த துணிகள், ராட்டினத்தில் மஞ்சள் ரிப்பன், கடற்கரையில் ஒரு ஜோடி ஷூ. 2014 ஏப்ரல் 16 அன்று சேவோல் கப்பல் மூழ்கி, பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளாக 304 பேர் போனதை ரசிகர்கள் பலர் இதில் காண்கிறார்கள். மஞ்சள் ரிப்பன் அந்தத் துக்கத்தின் அடையாளம். இப்படிப் பிரேம் பிரேமாகத் துருவ வைப்பதே நிறுவனங்களின் விற்பனைத் தந்திரம் என்று சொல்வார்கள். பல வீடியோக்களுக்கு அது பொருந்தும். புதிர் போட்டுவிட்டு உள்ளே ஒன்றும் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் சேவோல் என்ற பெயரையே கேள்விப்படாத ஒருவர் பார்த்தாலும், அந்த ஷூவை எடுத்து வந்தவன் கடைசியில் இலையில்லாத மரத்தில் அதை மாட்டும்போது, யாரோ திரும்பி வரவில்லை என்பது புரிந்துவிடும். விளக்கம் தெரியாமலே காட்சி நிற்கிறது. தெரிந்த பிறகு இன்னும் ஆழமாகிறது.

எனக்கு இப்போது கவலையாக இருப்பது சீசன் மோகம். 2021இல் ‘ஸ்க்விட் கேம்’ ஒன்பது எபிசோடில் முடிந்தபோது, விமானத்தில் ஏறப்போன நாயகன் கி-ஹுன் திரும்பி நடந்தான். அதைவிட நல்ல முடிவு அந்தக் கதைக்குக் கிடையாது. அவன் திரும்பிப் போய் என்ன செய்தான் என்று காட்ட 2024இலும் 2025இலும் மேலும் இரண்டு சீசன்கள் வந்தன. நம்முடைய கற்பனைக்கு விட்டதைப் பிடுங்கிக்கொண்டு போனதுதான் மிச்சம். ரசிகர்களாகிய நாம்தான் அடுத்த சீசன் எப்போது என்று நச்சரிக்கிறோம், கேட்டால் அவர்கள் கொடுக்கத்தான் செய்வார்கள். லிம் சாங்-சுன் அடுத்து எழுதுவது வேறொரு ஊர், வேறொரு குடும்பமாக இருக்கட்டும். ‘டாஞ்சரின்ஸ்’ நாயகி ஏ-சுனின் பேத்தி வளர்ந்து என்ன ஆனாள் என்று எனக்குத் தெரிய வேண்டாம்.