இத்தாலித் திராட்சைத் தோட்டத்துக்குக் கார் எதற்கு?

புனேயில் எங்கள் குடியிருப்பிலிருந்து இந்த வருடம் மூன்று தமிழ்க் குடும்பங்கள் இத்தாலி போகிறார்கள். மூன்று பேரும் தனித்தனியாக வந்து என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "சார், டஸ்கனி பக்கம் ஒயின் தோட்டமெல்லாம் பார்க்கணும்னா கார் வாடகைக்கு எடுத்தே ஆகணுமாமே, எந்த கார்டு நல்லது?" பேங்க்காரன் என்பதால் கார்டைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் காரைப் பற்றிப் பதில் சொல்கிறேன்: எடுக்காதீங்க.

உடனே ஒரு பார்வை வரும். "கஞ்சன், காசு கணக்குப் பார்க்கிறான்" என்கிற பார்வை. காசும்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். எல்.எஃப்.சி.யில் வெளிநாடு போகும் வழி 2014-லேயே அடைபட்டுப் போச்சு. எங்களை மாதிரி ஆட்கள் போனால் முழுக்கச் சொந்தக் காசு. ஆனால் கார் வேண்டாம் என்பதற்குக் காசு இரண்டாவது காரணம்தான்.

முதல் காரணம் ரொம்பச் சாதாரணமானது. ஒயின் தோட்டத்துக்கு எதற்குப் போகிறோம்? குடிச்சுப் பார்க்க. ஓர் இடத்தில் நாலைந்து வகை ஊற்றுவார்கள், கொஞ்சம் கொஞ்சம்தான். ஒரே நாளில் மூன்று இடம் என்று பிளான் போட்டால் கூட்டிப் பாருங்கள். இத்தாலியில் வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் வரைதான் இருக்கலாம். லைசென்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகாதவருக்குச் சுத்தமாகப் பூஜ்யம். 0.5-ஐத் தாண்டினாலே அபராதம் 500 யூரோவுக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது, லைசென்ஸையும் நிறுத்தி வைப்பார்கள். 2024 டிசம்பரில் சட்டத்தை இன்னும் இறுக்கிவிட்டார்கள். "நம்ம ஊர்ல 100 மில்லிக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.3 தானே, அங்க நம்மளவிடத் தாராளம்" என்று ஒரு நண்பர் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரி. ரோடு? ஃப்ளோரன்ஸிலிருந்து கியாந்தி வழியாக சியெனா போகும் அந்தப் பழைய ரோடு மலைச்சரிவில் வளைந்து வளைந்து போவது. அதில் நமக்குப் பழக்கமில்லாத வலது பக்கமாக ஓட்ட வேண்டும். நாசிக் பக்கம் தோட்டங்களுக்குப் போய்விட்டு அதே சாயங்காலம் காரில் புனே திரும்பும் நம்ம ஆட்களைப் பார்த்தே எனக்கு வயிறு கலங்கும்.

இதற்கு நம் வீடுகளில் ஒரு தீர்வு தயாராக இருக்கும். "அவ குடிக்க மாட்டா சார், அவளே ஓட்டிடுவா." இதுதான் எனக்குக் கோபம் வரும் இடம். அந்த அம்மா புனேயில் ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டிப் பழகியவர். அவரைத் தெரியாத நாட்டில், கியர் வலது கைக்கு வந்துவிட்ட காரில், பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள், பக்கத்தில் பழரச வாசனையோடு வழி சொல்லும் கணவன் என்று உட்கார வைத்தால் அவருக்கு அது லீவா, டியூட்டியா? குடிக்க மாட்டார் என்று முடிவு செய்தது யார் என்பது தனிக் கேள்வி. என் மனைவி கல்யாணமாகி இருபது வருடம் கழித்து முதல் வாய் ஒயின் குடித்தது அங்கேதான். பிடிக்கவில்லை என்றாள். ஆனால் பிடிக்கவில்லை என்று சொல்லும் வாய்ப்பு கிடைத்ததே, அதைச் சொல்கிறேன்.

இப்போது காசுக்கு வருகிறேன். வாடகைக் கார் கவுண்டரில் உங்கள் கிரெடிட் கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள். செலவு இல்லைதான், ஆனால் அந்த லிமிட் திரும்ப வரும்வரை உங்களுடையது இல்லை. நம்ம லைசென்ஸோடு ஆர்.டி.ஓ.வில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதைவிடப் பெரிய கண்ணி, இசட்.டி.எல். என்கிற பலகை. பழைய ஊர்களின் நடுப்பகுதிக்குள் வெளி வண்டி வரக்கூடாது என்று கேமரா வைத்திருக்கிறார்கள். போலீஸ்காரர் நிறுத்த மாட்டார், விசில் ஊத மாட்டார். நீங்கள் சந்தோஷமாக உள்ளே போய் வெளியே வருவீர்கள்.

எங்கள் கிளைக்கு ஒரு வாடிக்கையாளர் ஸ்டேட்மென்ட்டோடு வந்தார். இத்தாலியிலிருந்து திரும்பிச் சில மாதம் கழித்து, கார் கம்பெனி அவர் கார்டில் ஒரு தொகை எடுத்திருக்கிறது, அதே மாதிரி இன்னும் இரண்டு தடவை. "ஃபிராடு சார், சார்ஜ்பேக் போடுங்க" என்றார். பார்த்தால் அது அபராதம்கூட இல்லை. அவர் விவரத்தைப் போலீசுக்குக் கொடுத்ததற்கான சேவைக் கட்டணம், ஒவ்வொரு கேமராவுக்கும் ஒன்று. அபராதம் தனியாகத் தபாலில் வரும், வெளிநாட்டுக்காரருக்கு அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட கட்டணத்துக்குச் சார்ஜ்பேக் நிற்காது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சரி, கார் இல்லாமல் எப்படி? இத்தாலியில் ரயில் ஸ்டேஷன் உள்ள ஊர்களிலேயே ஒயின் இருக்கிறது, நாம்தான் டஸ்கனி என்ற ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். வெனிஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கொனேலியானோ. ப்ரொசெக்கோ மலைகளின் வாசல் அது, 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்த நாட்டின் முதல் ஒயின் பள்ளிக்கூடம் 1876-ல் அங்கேதான் ஆரம்பித்தார்கள். மிலன் பக்கம் போகிறவர்கள் பிரெஷாவில் இறங்கி, ஈஸியோ ஏரிக்குப் போகும் குட்டி ரயிலைப் பிடித்தால் ஃப்ரான்சியாகோர்த்தா தோட்டங்களுக்கு நடுவிலேயே நின்று நின்று போகும்.

என்னைக் கேட்டால் வடக்கே பொல்சானோதான். அங்கே தங்குமிடங்கள் பெரும்பாலும் விருந்தினருக்கு ஒரு பாஸ் கொடுக்கின்றன. அந்த மாகாணத்து பஸ், உள்ளூர் ரயில் எல்லாம் அதில் இலவசம். நாங்கள் 2023 செப்டம்பரில் போனபோது கல்தாரோ ஏரிக்கு பஸ், தெர்லானோவுக்கு ரயில் என்று நாள் முழுக்க அந்தப் பாஸிலேயே சுற்றினோம். தெர்லானோவில் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். 1893-ல் விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் அது. ஆளுக்கொரு சின்னத் தோட்டம், பழத்தைச் சங்கத்தில் கொண்டுவந்து கொட்டுவார்கள், ஒயின் சங்கத்தின் பெயரில் போகும். நம்ம ஊர் பால் சொசைட்டி மாதிரியே. கூட்டுறவு என்றாலே வாராக்கடன் என்று நினைத்துப் பழகிய எனக்கு, அந்தச் சரக்கு தரத்திலும் விலையிலும் முதல் வரிசையில் நிற்பதைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது.

கல்தாரோவில் இன்னொரு விஷயம். அங்கே லேசான சிவப்பு ஒயின் ஸ்கியாவா என்ற திராட்சையில் செய்கிறார்கள். நம்ம கம்பம் பன்னீர் திராட்சை இருக்கிறதே, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது, அது மஸ்கட் ஹாம்பர்க் வகை. அதற்கு ஒரு பக்கம் பெற்றோர் ஸ்கியாவா குரோஸா என்றும் மறுபக்கம் அலெக்ஸாண்ட்ரியா மஸ்கட் என்றும் மரபணுச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். கம்பத்துக்காரர்கள் யாராவது போனால் சம்பந்தி வீட்டுக்குப் போகிற மாதிரி போகலாம் :-)

டஸ்கனிதான் வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால் மொந்தேபுல்சியானோ போங்கள். ஃப்ளோரன்ஸ் – ரோம் ரயில் பாதையில் கியூசி ஸ்டேஷன், அங்கிருந்து பஸ் மலை ஏறும். பழைய கன்டீனாக்கள் (ஒயின் கிடங்குக்கு அங்கே அதுதான் பெயர், நம்ம ஆபீஸ் கேன்டீனுக்கும் மூலம் அந்தச் சொல்தான்) ஊருக்குள்ளேயே, பெரிய வீடுகளுக்கு அடியில் குடைந்து இருக்கின்றன. தெருவில் ஏற ஏற ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்க்கலாம். ஏற்றம்தான் கொஞ்சம் மூச்சு வாங்கும், முட்டி வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப்போனால் யோசியுங்கள். கியாந்தியையே பார்க்க வேண்டுமென்றால் ஃப்ளோரன்ஸிலிருந்து க்ரேவேக்கு பஸ், சுமார் ஒரு மணி நேரம். க்ரேவேயிலிருந்து மொந்தெஃபியோராலே கிராமத்துக்கு ஏறி நடக்கலாம், இரண்டு கிலோமீட்டருக்குள்தான்.

பஸ் அட்டவணையை மட்டும் ஒழுங்காகப் படிக்கணும். "ஃபெரியாலே" என்றால் வேலை நாள், "ஃபெஸ்தீவோ" என்றால் ஞாயிறும் விடுமுறையும், "ஸ்கொலாஸ்திகோ" என்றால் பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் மட்டும். நம்ம ஆட்கள் போவது பிள்ளைகளின் கோடை லீவில், அங்கும் ஸ்கூல் ஜூன் நடுவிலேயே மூடிவிடுகிறது, அதற்குப் பிறகு போனால் அந்த பஸ் வராது. போகும் பஸ்ஸைப் பார்க்கும் முன்னால் திரும்பும் கடைசி பஸ்ஸைப் பாருங்கள். டிக்கெட்டை "டி" பலகை போட்ட தபாக்கி கடையில் முன்னாலேயே வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் பிளாட்பாரத்து மிஷினில் முத்திரை குத்தாமல் ஏறக்கூடாது. ரயில் ஸ்ட்ரைக் அடிக்கடி வரும், ஆனால் வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 உள்ளூர் ரயில்கள் ஓடியாக வேண்டும் என்று ஏற்பாடு. தோட்டத்துக்கு முன்கூட்டியே மெயில் போட்டு நேரம் வாங்கிவிடுங்கள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பல இடம் பூட்டியிருக்கும்.

பரோலோ மாதிரி சில ஊர்களுக்கு இது சரிப்படாது, ஒப்புக்கொள்கிறேன். ஆல்பா வரை ரயிலில் போய்விடலாம், அதற்கு மேல் பஸ் குறைவு. அங்கே ஒரே ஒரு நாள் டிரைவரோடு வண்டி பேசுங்கள். இரண்டு குடும்பம் சேர்ந்தால் பங்கும் கட்டுப்படியாகும். தெருவில் கை காட்டினால் நிற்கும் டாக்சி கிராமத்தில் கிடையாது, முதல் நாளே சொல்லிவைக்கணும்.

"கார் இருந்தால் நாளைக்கு நாலு தோட்டம் பார்க்கலாமே" என்பார்கள். நாலாவதில் என்ன குடித்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது? பஸ்ஸில் போனால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அடுத்த பஸ் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால் பேச்சு வளரும், தோட்டத்துக்காரரும் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பீப்பாய் காட்டுவார். டிக்கி இல்லாமல் பாட்டில் எப்படி வாங்குவது என்றும் கேட்டார் ஒருவர். இந்தியாவுக்குள் வரிகட்டாமல் கொண்டுவர ஒரு பெரியவருக்கு 2 லிட்டர்தான் அனுமதி. ஆளுக்கு இரண்டு பாட்டில், செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி வைத்தால் வந்துவிடும்.